ஆய்வாளர் பெயர் குறிப்பிடப்படவில்லை

என் கணவர் ரமீஸ் தன் புத்தகங்களை வருணுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வருவதற்கு நல்ல காரணம் கையிலேயே இருந்தது வசதியாகப் போயிற்று.

“ஞாயித்துக்கிழமை தேக்காவுக்குப் போறப்ப டிராலியில எடுத்துட்டுப் போயிடலாம் அஃப்ரீன். இனி இங்க கிடந்தா தூசிதான் அடையும்” என்றார்.

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? ஐ.ஏ.எஸ். தேர்வை ஆறு தடவை எழுதிய மனிதர். நான்கு தடவை முதல் கட்டத்திலேயே வெளியே வந்தார். இரண்டு தடவை மெயின்ஸ் என்ற இரண்டாம் கட்டம் வரை போனார். போன நவம்பரில் அவருக்கு முப்பத்தைந்து வயது ஆனது. இனி அவர் நினைத்தாலும் எழுத முடியாது. சிங்கப்பூரின் கிளமெண்டியில் ஒரு கம்பெனியில் கணினி பராமரிக்கும் வேலை, செங்காங்கில் வாடகை வீடு, வருடத்துக்கு ஒரு முறை லீவு போட்டுச் சென்னைக்குப் பறந்து பரீட்சை எழுதிவிட்டு வாடிய முகத்தோடு திரும்புவது. இப்படி ஆறு வருடம். அந்தப் புத்தகங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு எரிகிறது என்பது எனக்குத் தெரியும்.

எனக்குத் தெரிந்த இன்னொரு விஷயம் அவருக்குத் தெரியாது. அந்தத் தேர்வை நான் எழுத வேண்டும். விண்ணப்பம் போடக் கடைசி நாள் அடுத்த செவ்வாய், இந்திய நேரம் மாலை ஆறு மணி. அதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

இந்த ஆசை எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மெயின்ஸில் எல்லோருக்கும் பொதுவான தாள்கள் போக, நாமே தேர்ந்தெடுக்கும் பாடம் ஒன்று உண்டு. விருப்பப் பாடம் என்று பெயர். இரண்டு தாள், ஐந்நூறு மதிப்பெண். பலர் கரையேறுவதும் கவிழ்வதும் அதில்தான். ரமீஸ் முதலில் புவியியல் எடுத்தார். அது கவிழ்த்தது. அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று சமூகவியலுக்கு மாறினார். படிக்க நேரம் ஏது? செங்காங்கிலிருந்து கிளமெண்டிக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல். கூட்டத்தில் நின்றுகொண்டு புத்தகம் விரிக்க முடியாது. அதனால் பாடத்தைப் போனில் வாசித்துப் பதிவு செய்து தரும்படி என்னிடம் கேட்டார். காதில் மாட்டிக்கொண்டு போவார்.

நான் வாசித்தேன். இரண்டு வருடம், இருநூறுக்கு மேல் பதிவுகள். மீன் பொரிக்கும்போது வாசித்தேன், துணி மடிக்கும்போது வாசித்தேன். குக்கர் விசில் மூன்று அடிக்கும்வரை ஒரு அத்தியாயம் என்று எனக்கு ஒரு கணக்கே உண்டு. அந்தப் பாடத்தை உருவாக்கிய பெரியவர்கள் மூன்று பேர். மூவருக்கும் தாடி. மூவருமே வீட்டில் ஒரு பாத்திரம் கழுவியிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். தோன்றியதை அப்படியே பதிவிலும் சொல்லிவிடுவேன். “உன் கமெண்ட் வேணாம் புள்ள, வாசி மட்டும்” என்று ரமீஸ் சொல்லிப் பார்த்தார். வாசிக்கிற வாயைப் பாதி மட்டும் திற என்றால் எப்படி?

ஒரு நாள் ஒரு பாடத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்தது. புரட்டினேன். அதுவேதான் வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்லூரியில் இயற்பியல் படித்தவள், கல்யாணமானதும் சிங்கப்பூர் வந்தவள், குடிநுழைவு அட்டையில் ‘சார்ந்திருப்பவர்’ என்ற சொல்லோடு ஆறு வருடமாக இருப்பவள். எனக்கு ஒரு பாடம் முழுசாகத் தெரியும் என்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன்.

தெரிந்து என்ன? தோற்றுப்போய் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் போய், நீங்கள் விட்ட இடத்தில் நான் தொடங்கட்டுமா என்று எப்படிக் கேட்பது? ஊரிலிருந்து மாமி போன் செய்தால் முதலில் கேட்பது, “விசேஷம் ஏதும் உண்டா?” இரண்டாவது கேட்பது, “என் மவன் மனசு தேறிட்டானா?” இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவே என் ஆசையை எங்கே செருகுவது? அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாகிவிடுமோ என்ற பயம் வேறு. அந்த வாரம் முழுக்க வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

ஞாயிறு வந்துவிட்டது. புத்தக டிராலியை அவர் இழுத்தார். நான் குடையை எடுத்துக்கொண்டேன்.

தேக்கா சந்தைக்குப் பின்னால் பஃபலோ ரோட்டு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நான்கு கல்மேசைகள் இருக்கின்றன. ஒன்றில் சீனப் பெரியவர்கள் சதுரங்கம் ஆடுவார்கள். இன்னொன்றில் எங்கள் கூட்டம். எங்கள் என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். எழுதுகிறவர்கள் ரமீஸ், வருண், திவ்யதர்ஷினி, ஸைஃப். நான் அவர்களுக்கு நேரம் பார்க்கிறவள். வருண் ஒரு ஆய்வுக்கூடத்தில் உதவியாளன், திவ்யதர்ஷினி தாதி, ஸைஃப் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். எல்லோருக்கும் ஒரே விருப்பப் பாடம்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. விடைத்தாளில் யாரும் பெயர் எழுதக்கூடாது. சீட்டுக் குலுக்கி எண் எடுத்து, எண்ணை மட்டும் போட வேண்டும். திருத்துகிறவருக்கு யார் தாள் எது என்று தெரியாது. மதிப்பெண்ணைச் சத்தமாகப் படித்த பிறகுதான் அவரவர் எழுந்து தன் தாளை எடுத்துக்கொள்வார்கள். முகம் பார்த்து மதிப்பெண் போட்டால் நட்பும் கெடும், படிப்பும் கெடும் என்பது ரமீஸ் கொண்டுவந்த சட்டம்.

“அண்ணே, இன்னிக்கு நீங்கதான் திருத்தணும். கடைசியா ஒரு தடவ, ப்ளீஸ் லா” என்றான் வருண்.

ரமீஸுக்கு அது பிடித்திருந்தது. முகத்தில் தெரிந்தது. கேள்விகளைக் கொடுத்தார். மூன்று கேள்வி, ஐம்பது மதிப்பெண், நாற்பது நிமிடம். மூவரும் சீட்டு எடுத்தார்கள். “நான் பள்ளிக்குப் போய் லுஹர் தொழுதுட்டு, அப்படியே தேக்காவுல மீன் வாங்கிட்டு வந்துடுறேன். நான் வர்றப்ப பேப்பர் ரெடியா இருக்கணும்” என்று சொல்லிவிட்டு டன்லப் ஸ்திரீட் பக்கம் நடந்தார்.

அவர் தெரு திரும்பியிருக்க மாட்டார், ஸைஃபின் போன் அடித்தது. புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் இருக்கிறதாம். “சாரி லா, நான் ஓடணும்” என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவனுடைய வெள்ளைத் தாள்களும், இரண்டு என்று எண் போட்ட சீட்டும் கல்மேசையிலேயே கிடந்தன. காற்றில் பறக்காமல் இருக்க அவற்றின் மேல் கை வைத்தேன். வைத்த கையை எடுக்கவில்லை.

“ஒரு பேனா கொடு” என்றேன் திவ்யதர்ஷினியிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். தன் பையிலிருந்து ஒரு நீலப் பேனாவை எடுத்து நீட்டினாள். “டைம் யாரு பாக்குறது?” என்றான் வருண். “சதுரங்கம் ஆடுற தாத்தா பாப்பாரு, நீ எழுது” என்றாள் அவள்.

முதல் இரண்டு கேள்விகள் பாடத்திலிருந்து நேராக வந்தவை. கை தானாக ஓடியது. மூன்றாவது கேள்வி: வீட்டுக்குள் பெண்கள் செய்யும் உழைப்பு ஏன் சமூகத்தின் கண்ணில் படுவதில்லை? எடுத்துக்காட்டுடன் விவாதிக்க. இருபது மதிப்பெண்.

தாடிக்காரர்கள் சொன்னதையும், அவர்களை மறுத்த பெண்கள் சொன்னதையும் எழுதினேன். எடுத்துக்காட்டு என்ற இடம் வந்தது. புத்தகத்தில் ஏழெட்டு இருந்தன. எல்லாமே எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த நேரத்தில் மனசில் வந்தது வேறு. எழுதினேன்: வெளிநாட்டு நகரம் ஒன்றில் வாடகை வீட்டில் வாழும் ஒரு தம்பதி. கணவன் ஒரு தேர்வுக்குப் படிக்கிறான். மனைவி சமையல் செய்துகொண்டே அவனுக்குப் பாடங்களை வாசித்துத் தருகிறாள். கணக்கெடுக்க வருபவரின் படிவத்தில் கணவன் வேலை பார்ப்பவன், மாணவன் என்று இரண்டு முறை இடம் பெறுகிறான். மனைவிக்கு நேரே ஒரு கோடு மட்டும் போடப்படுகிறது. அதே பாடத்திலிருந்து ஒரு கேள்வியை இருவரிடமும் கேட்டால் மனைவிக்கும் விடை தெரியும். யாரும் கேட்பதில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

இதை எழுதும்போது எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கை வலித்தது. ஆறு வருடமாகப் பேனா பிடிக்காத கை.

ரமீஸ் மீன் பையோடு வந்தபோது மூன்று தாள்கள் கல்மேசை மேல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. “ஸைஃப் எங்க?” என்றார். “வேலைக்குக் கூப்பிட்டாங்க, போயிட்டான்” என்றான் வருண். பொய் இல்லை. எழுதி முடித்துவிட்டுப் போயிருக்கிறான் என்று ரமீஸ் தானாக நினைத்துக்கொண்டார். நான் குடையை விரித்து மடக்கிக்கொண்டிருந்தேன்.

என் கையெழுத்து அவருக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியாது. கல்யாணமானதிலிருந்து மளிகைப் பட்டியல்கூட வாட்ஸப்பில்தான் போகிறது. ஆறு வருடம் ஒரே வீட்டில் இருந்தவர் என் கையெழுத்தை முதல் முறை பார்ப்பது அன்றைக்குத்தான்.

சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து அரை மணி நேரம் திருத்தினார். இரண்டாம் எண் தாளை இரண்டு தடவை படித்தார். நடுவில் ஒரு முறை தலையை ஆட்டி, “ம்ம்” என்றார். சமையலுக்குக்கூட அப்படி ஒரு ‘ம்ம்’ எனக்குக் கிடைத்ததில்லை.

“ஒன்னு, இருபத்தொன்னு. மூனு, இருபத்தி நாலு” என்று படித்தார். இந்தத் தேர்வில் பாதி மதிப்பெண் வாங்கினாலே பெருநாள்தான். “ரெண்டு, இருபத்தொம்பதரை.”

வருண் விசில் அடித்தான். சீனப் பெரியவர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

“இது யாரு பேப்பர்னு சொல்லிடுவேன். திவ்யா, ஒன்னோடதுதானே? எல்லாரும் இதைப் பாத்து எழுதக் கத்துக்கணும். அஃப்ரீன், நீயும் கேளு, சும்மா டைம் பாத்துட்டே இருக்கியே. இந்த மூனாவது கேள்வியில ஒரு எக்ஸாம்பிள் கொடுத்திருக்காங்க பாரு, எந்த நோட்ஸ்லயும் இல்லாதது. நான் ரெண்டு வருஷமா படிக்கிறேன், என் கண்ணுல படல. ஒரே ஒரு குறை. யாரோட ஆய்வுன்னு போடல. அதுக்கு அரை மார்க் கழிச்சிருக்கேன்.”

தாளைத் தூக்கிக் காட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில், ‘மிக அருமையான எடுத்துக்காட்டு. ஆய்வாளர் பெயர் குறிப்பிடப்படவில்லை. ஆண்டும் இல்லை. –½’ என்று எழுதியிருந்தது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். சிரிப்பு வந்தது, அடக்கினேன்.

வருண் எழுந்து ஒன்றாம் எண்ணை எடுத்தான். திவ்யதர்ஷினி மூன்றை எடுத்தாள். இரண்டு மேசையிலேயே கிடந்தது.

“ஸைஃபா? நம்ம ஸைஃபா இப்படி எழுதினான்? மாஷா அல்லாஹ்! இரு, அவனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுறேன்” என்று ரமீஸ் போனை எடுத்தார்.

நான் கையை நீட்டித் தாளை எடுத்துக்கொண்டேன்.

“ஆய்வாளர் பேரு அஃப்ரீன், மச்சான். வருஷம் இந்த வருஷம்தான்.”

ரமீஸ் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். காதுகள் சிவந்துவிட்டன. “அக்கா ஒரு மணி நேரமா வாயில கொழுக்கட்ட வச்ச மாதிரி உக்காந்திருந்தாங்க அண்ணே” என்று வருண் ஏதோ சிரிக்க வைக்கப் பார்த்தான். எடுபடவில்லை.

“நான் பரீட்சை எழுதணும் மச்சான். அப்ளிகேஷனுக்குச் செவ்வாய்க்கிழமை கடைசி” என்றேன். ஒரு வாரமாக வராத வாக்கியம் எல்லோர் முன்னாலும் வந்து விழுந்தது. தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். என் நாக்குக்கு நேரம் காலம் தெரிவதில்லை.

அவர் டிராலியை எடுத்து வருண் பக்கம் தள்ளினார்.

“அண்ணே, இப்ப எதுக்கு? அக்காவுக்கு வேணுமே” என்றான் அவன்.

“கொடுக்கிறேன்னு சொன்னேன், கொடுத்துட்டேன்” என்று சொல்லிவிட்டு மீன் பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

லிட்டில் இந்தியா நிலையத்தின் நடைமேடையில்தான் வாயைத் திறந்தார். “என்னைக் கேலி பண்ணத்தான் எழுதினியா?”

“கேலி பண்ண நாப்பது நிமிஷம் கை வலிக்க எழுதணுமா? வாயாலயே பண்ணியிருப்பேனே. எனக்கு அது ஃப்ரீ.”

“ஆறு வருஷம், அஃப்ரீன். ஆறு வருஷம் நான் தோத்த இடம் அது.”

“நீங்க தோத்த இடம்தான். நான் இன்னும் நிக்காத இடம். ரெண்டும் ஒன்னு இல்ல.”

ரயில் வந்தது. செங்காங் வரை பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இரண்டு அந்நியர்களைப் போல வந்தோம். மீன் மட்டும் நாறிக்கொண்டே வந்தது.

திங்கட்கிழமையும் பேச்சில்லை. சாப்பிட்டார், தட்டைக் கழுவி வைத்தார், தூங்கினார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். கத்தாத மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது? எனக்குக் கவலையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அந்த மனிதரை எனக்குப் பிடிக்கும், அதுதான் தொல்லை. பிடிக்காதவராக இருந்தால் எப்போதோ விண்ணப்பம் போட்டிருப்பேன்.

அன்று மாலை வருண் செய்தி அனுப்பியிருந்தான்: ‘அக்கா, முதல் தாள் புத்தகங்கள் நான் வச்சுக்கிறேன், ரெண்டாம் தாள் உங்களுக்கு. முடிச்சுட்டு மாத்திக்கலாம்.’ தேவையில்லை தம்பி, எல்லாம் என் தொண்டையில் இருக்கிறது என்று பெருமையாகப் பதில் போட்டேன். பிறகு கொஞ்சம் யோசித்து, ‘ஞாயிறு எடுத்துட்டு வா’ என்று இன்னொன்றும் போட்டேன்.

செவ்வாய் மதியம் சமையலை முடித்துவிட்டுச் செங்காங் நூலகத்துக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்தால் அவர் வரும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே இருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஜன்னலோரம் ஒரு மேசை கிடைத்தது. மடிக்கணினியைத் திறந்துவிட்டு அவருக்குச் செய்தி அனுப்பினேன்: ‘லைப்ரரியில இருக்கேன். ஃபார்ம் போடுறேன். சோறு குக்கரில், மீன் ஆணம் அடுப்பு மேல.’ அனுமதி கேட்கவில்லை. கேட்டால் அவர் கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் கொடுத்தது என்று ஆகிவிடும். எனக்கு அது வேண்டாம்.

பெயர், தந்தை பெயர், பட்டம் எல்லாம் சரியாகப் போனது. கையெழுத்தைப் படம் பிடித்து ஏற்றும் இடத்தில் மாட்டிக்கொண்டேன். ஏற்றினால் அளவு தவறு என்றது. சுருக்கினால் தெளிவில்லை என்றது. ஒரு மணி நேரம் போராடினேன். ஆட்சிப்பணி செய்ய ஆசைப்பட்டவளுக்குத் தன் கையெழுத்தையே உள்ளே அனுப்பத் தெரியவில்லை. இந்திய நேரம் ஆறு என்றால் இங்கே எட்டரை. கடிகாரத்தில் ஆறே கால். எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

“வெள்ளத்தாள்ல கறுப்பு மையில போடணும். நீலத்துல போட்டா படம் மங்கும்.”

திரும்பினேன். ரமீஸ் அலுவலகப் பையோடு நின்றுகொண்டிருந்தார். கிளமெண்டியிலிருந்து இந்த நேரத்துக்கு வந்து சேர வேண்டும் என்றால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தன் சட்டைப்பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்துக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் படம் எடுத்து, வெட்டி, சுருக்கி, இரண்டே நிமிடத்தில் ஏற்றிவிட்டார். ஆறு தடவை செய்த வேலை அல்லவா.

“எம்மேல கோபம் போயிடுச்சா?” என்று கிசுகிசுத்தேன். நூலகத்தில் சண்டைகூட மெதுவாகத்தான் போட வேண்டும்.

“ஒம்மேல எனக்குக் கோபமே இல்ல.” திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அந்த எக்ஸாம்பிளை நான் ரெண்டு தடவ படிச்சேன் புள்ள. யாரோட ஆய்வுன்னு மண்டையப் போட்டு உடைச்சேன். அந்தப் புருஷன் யாருன்னு எனக்குத் தோணவே இல்ல. நம்ம வீட்டைப் பேப்பர்ல பாத்து எனக்கு அடையாளம் தெரியல. அதான் ரெண்டு நாளா முகத்தைக் காட்ட முடியல.”

மேசைக்குக் கீழே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சரி, நேரமாகுது” என்று கையை விடுவித்துக்கொண்டு திரையைக் காட்டினார். “ஆப்ஷனல் என்ன போடப்போறே?”

“சமூகவியல்.”

“வேணாம், அஃப்ரீன். அது நமக்கு ராசியில்ல.”

“உங்களுக்கு ராசியில்ல. எனக்கும் அதுக்கும் இன்னும் சண்டையே வரலையே.”

அவர் சிரித்துவிட்டார். இரண்டு நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. பக்கத்து மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் சமூகவியலைத் தேர்ந்தெடுத்தேன். முதல்நிலைத் தேர்வுக்கு மதுரை, மெயின்ஸுக்குச் சென்னை. அவர் ஒவ்வொரு கட்டமாகச் சரிபார்த்தார். பிறந்த தேதியை மூன்று தடவை பார்த்தார். “இதுல தப்பு வந்தா மாத்த முடியாது” என்றார். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் வலி இருக்கிறது, அதோடு உட்கார்ந்துதான் இதைச் செய்கிறார் என்று தெரிந்தது.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்: இதற்கு முன் எத்தனை முறை இந்தத் தேர்வை எழுதியுள்ளீர்கள்?

பூஜ்யம் என்று தட்டினேன்.

ரமீஸ் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ தவறோ என்று பயந்து, “என்ன, தப்பா?” என்றேன்.

“இல்ல. சரியாத்தான் இருக்கு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “எனக்குப் பொறாமையா இருக்கு, அஃப்ரீன்.”

அவர் அதை மறைக்கவில்லை. சிரித்து மழுப்பவும் இல்லை. ஊரில் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கிறார்கள், நல்ல பெண் என்று பாராட்டியிருக்கிறார்கள். பொறாமைப்படும்படி என்னிடம் ஒன்று இருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். மணி ஏழு பத்து. ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை நானே அழுத்தினேன்.